தங்கவயலின் நீர்க்கரை

கருநாடக மாநிலத்தின் கிழக்கெல்லைக்கருகே, வறண்ட மேட்டு நிலத்தில் அமைந்தது கோலார் தங்கவயல். அங்கே கடலில்லை, ஊருக்குள் ஓடும் ஆறும் இல்லை. ஆயினும் இப்போது நம் முன்னே இருக்கும் தங்கவயல் புகைப்படத்தை முதன்முதலாகக் காண்பவரிற் பலர், “இது எந்தத் துறைமுகம்?” என்றே கேட்கின்றனர். அவர்கள் அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. படத்தின் முன்புறம் முழுவதும் அசைவற்ற நீர்ப்பரப்பு. அதன் கரையில் நீண்ட கூரையுடைய ஆலைக் கட்டடங்கள். இரண்டு புகைபோக்கிகள், அவற்றுள் ஒன்று புகைகின்றது. கூரைகளுக்குப் பின்னால், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் பாய்மரங்களைப் போல, மரச்சட்டங்கள் வானை நோக்கி எழுகின்றன. வலப்புறம் தட்டையான உச்சியுடன் வெண்மையாக ஒரு கரைமேடு. அதன் அடியில் சரக்கு வண்டியொன்று தண்டவாளத்தின்மேல் நிற்கின்றது. நீரோரத்தில் குடத்துடன் ஒரு பெண். சற்றுத் தள்ளி, தலைப்பாகை கட்டிய ஓர் ஆடவர். படத்தின் பின்புறத்தில் எழுத்து ஒன்றுமில்லை.

இத்தகைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணிப்பொறியைக் கொண்டு வர்ணம் ஏற்றுவது இந்நாளில் எளிதாகிவிட்டது. இந்தப் படத்துக்கும் அவ்வாறே வர்ணம் ஏற்றப்பட்டது. விளைவு பார்வைக்கு இனிமையாகவே இருக்கின்றது. வானம் நீலம், நீர் நீலம். வெண்மேட்டின் சரிவில் இளம்பசுமை. தரை கருமையான ஈர மண். பெண்ணின் புடவை வெள்ளை. கோடைக்காலத்தில் குடும்பத்துடன் சென்று தங்கத்தக்க ஏரிக்கரை போலத் தோன்றுகின்றது. தங்கவயலில் பிறந்து வளர்ந்தோர் இதனைக் கண்டால் சிரிப்பார்கள். சிலர் சிரிக்கவும் மாட்டார்கள். ஏனெனில், அந்தப் பசுமைச் சரிவிலிருந்து கிளம்பிய தூசியே அவர்கள் வீட்டுச் சோற்றுப் பானையிலும் படுக்கையிலும் வந்து படிந்தது.

கணிப்பொறி பொய் சொல்ல விரும்புவதில்லை. பல இலட்சம் வண்ணப் படங்களை அதற்குக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு வடிவத்துக்கு எந்த நிறம் பெரும்பாலும் அமையும் என்பதை அது கணக்கிட்டுத் தருகின்றது. குன்றென்றால் பெரும்பாலும் பசுமை. ஏரியென்றால் பெரும்பாலும் நீலம். நம் ஊர்ப் புகைப்பட நிலையங்களில் முன்னாளில் கையால் வர்ணம் தீட்டியவர்களின் வழி வேறு. பஞ்சு சுற்றிய குச்சியும் மெல்லிய தூரிகையும் கொண்டு கலியாணப் படத்துக்கு நிறம் கொடுக்குமுன், அவர் வீட்டாரைப் பார்த்து, “கூறைப் புடவை அரக்கா, பச்சையா? அட்டிகைக் கல் சிவப்பா, வெள்ளையா?” என்று கேட்டு எழுதிக்கொள்வார். கன்னத்தில் வேண்டாத சிவப்பை அவர் பூசியதுண்டு. ஆனால் புடவையின் நிறத்தைத் தம் மனம் போனபடி தீர்மானித்ததில்லை. யந்திரமோ எவரையும் கேட்பதில்லை. ஆகவே, கேட்க வேண்டிய கேள்விகளை நாமே கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது, அந்தப் பாய்மரங்கள். உற்று நோக்கினால், ஒவ்வொரு சட்டத்தின் உச்சியிலும் பெரிய சக்கரம் ஒன்று தெரிகின்றது. சுரங்க வாயின்மேல் நிறுத்திய கோபுரச் சட்டங்கள் இவை. சக்கரத்தின்மேல் ஓடும் இரும்புக் கயிறு ஒரு முனையில் கூண்டைத் தாங்கும். மறுமுனை பொறியறையில் உள்ள உருளையில் சுற்றிக்கொள்ளும். ஆட்கள் இறங்குவதும் ஏறுவதும் அந்தக் கூண்டில். பாறை மேலே வருவதும் அந்தக் கயிற்றின் துணையால்தான்.

இந்தச் சுரங்கங்களின் வரலாறு நெடியது. மேல்நிலத்திலும் ஆழமற்ற குழிகளிலும் பொன் எடுக்கும் தொழில் அங்கே மிகப் பழமையானது. 1802ஆம் ஆண்டில், மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் இளம் படை அதிகாரி, ஊரிகம், மாரிகுப்பம் முதலிய இடங்களில் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டு வந்த லாவெல் என்னும் ஐரிஷ்காரர் 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875இல் சுரங்கம் தோண்டும் உரிமையைப் பெற்றார். அவரிடம் ஆசை இருந்தது. போதிய மூலதனம் இல்லை. 1880இல் இலண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். அவர்களும் சில ஆண்டுகள் பணத்தை மண்ணுக்குள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1880களின் நடுவில் சாம்பியன் பாறைப்படிவம் அகப்பட்டது. அதன் பின்னர் நிலைமை மாறிற்று. வடக்கே பாலகாட், பின்னர் நந்திதுர்க்கம், ஊரிகம், சாம்பியன் ரீப், தெற்கே மைசூர்ச் சுரங்கம் என ஒரே கோட்டில் சுரங்கங்கள் வளர்ந்தன. நிலத்தடியில் தங்கம் தாங்கிய பாறை வடக்கு தெற்காக ஓடுவதால், மேலே ஊரும் அதே திசையில் நீண்டது. இன்றும் தங்கவயலுக்கு நடுவூர் என்று ஒன்றைச் சுட்டுவது எளிதன்று.

அடுத்து, காலம். தண்டவாளமும் சரக்கு வண்டியும் ஒரு சாட்சி. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, தங்கவயலுக்கு ஏறத்தாழ 10 மைல் நீளமுள்ள ரயில் பாதை 1894இல் திறக்கப்பட்டது. ஆகவே படம் அதற்கு முற்பட்டதன்று. இந்தப் பாதையைத் தமிழர் தனிக் கவனத்துடன் நோக்குதல் தகும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864இலேயே ரயில் ஓடத் தொடங்கிற்று. வடஆற்காடு, சேலம் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வேலை தேடிப் புறப்பட்ட குடும்பங்கள், ஜோலார்பேட்டையில் ஏறி, பௌரிங்பேட்டையில் இறங்கி, மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோ தங்கவயலை அடைந்தன. 1894க்குப் பின் ரயிலிலேயே சென்று சேர்ந்தன. கன்னட நாட்டின் நடுவே ஒரு தமிழூர் உருவானதற்கு இந்த இருப்புப் பாதையும் ஒரு காரணம்.

இரண்டாம் சாட்சி, ஆலைக்கூரைக்கு மேலே தெரியும் கம்பங்கள். தந்திக் கம்பங்களாக இருக்கலாமே என்று முதலில் தோன்றும். ஆனால் தந்திக் கம்பத்தில் சிறு சிறு பீங்கான் குமிழ்கள் வரிசையாக இருக்கும். இங்கே காணப்படுபவை பெரிய குமிழ்கள். கம்பிகள் மூன்று மூன்றாகச் செல்கின்றன. மும்முனை மின்சாரத்தின் அடையாளம் அது. அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக்கதை. சற்று நின்று சொல்லத் தக்கது.

சுரங்கப் பொறிகள் அனைத்தும் முதலில் நீராவியால் இயங்கின. விறகுக்காகச் சுற்றுப்புறக் காடுகள் வெட்டப்பட்டன. நிலக்கரி தொலைவிலிருந்து ரயிலேறி வரவேண்டியிருந்தது. செலவோ மிகுதி. அந்நிலையில், காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக விழும் இடத்தில் மின்சாரம் எடுத்து, அதனைத் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்னும் திட்டம் எழுந்தது. மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் அதற்கு ஆதரவாக நின்றார். கனடாவைச் சேர்ந்த ஜோலி டி லோட்பினியர் என்னும் பொறியாளர் திட்டத்தை வகுத்து, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று யந்திரங்களுக்கு ஏற்பாடு செய்தார். நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்திலிருந்தும், மின் உற்பத்திப் பொறிகள் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. கம்பி வழியின் நீளம் 92 மைல். மின்னழுத்தம் 30,000 வோல்ட்டு அளவு. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்கம்பி வழிகளுள் அதுவும் ஒன்று. 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் காவிரியின் ஆற்றல் தங்கவயலின் பொறிகளைச் சுழற்றத் தொடங்கிற்று. அதனைக் காணச் சேஷாத்ரி ஐயர் உயிருடன் இல்லை; அவர் 1901இல் காலமாகிவிட்டார். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். மன்னரின் ஆட்சித் தலைநகரங்களுக்கும் முன்னதாக, நிலத்தடிப் பாறையைக் குடைவதற்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அக்காலத்தில் எதற்கு முதலிடம் தரப்பட்டது என்பது நன்கு விளங்கும்.

மின்சாரம் வந்த அன்றே நீராவி விடைபெற்றுவிடவில்லை. இரண்டும் சிலகாலம் பக்கத்தில் பக்கத்தில் உழைத்தன. நம் படத்தில் மின்கம்பமும் இருக்கின்றது, ஒரு புகைபோக்கி புகைந்தும், மற்றொன்று ஓய்ந்தும் நிற்கின்றது. கோபுரச் சட்டங்கள் எஃகாக இல்லாமல் மரமாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1902க்குப் பின், அந்த நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் இப்படம் எடுக்கப்பட்டிருக்கலாம் என்று கொள்வது பொருந்தும்.

இனி நீரையும் வெண்மேட்டையும் நோக்குவோம். இவ்விரண்டும் ஒரே தொழிலின் இரு பகுதிகள். சுரங்கத்திலிருந்து வரும் பாறையில் தங்கம் கண்ணுக்குத் தெரியாத துகளாகவே பெரிதும் கலந்திருக்கும். அதனை உடைத்து, இரும்பு உலக்கைகள் இரவும் பகலும் இடிக்கும் ஆலையில் நீருடன் சேர்த்துப் பொடியாக்குவார்கள். பொடி கலந்த நீரைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டால், தங்கத்தின் ஒரு பங்கு பாதரசத்துடன் ஒட்டிக்கொள்ளும். மீதி மணலோடு போய்விடும். 1887இல் கிளாஸ்கோ நகரில் மக்கார்தரும் பாரஸ்டு சகோதரர்களும் கண்டறிந்த முறைப்படி, அந்த மணலைத் தொட்டிகளில் நிரப்பி, சயனைடு கலந்த நீரை ஊற்றினால், எஞ்சிய தங்கம் அதில் கரைந்து வெளிவரும். பின்னர் துத்தநாகத்தைக் கொண்டு அதனைப் பிரிப்பார்கள். தங்கம் போனபின் நிற்பது மணல். அதனை வெளியே கொட்டுவார்கள், நாள்தோறும் கொட்டுவார்கள். இவ்வாறு நூறாண்டுகளுக்கு மேலாகக் கொட்டிய மணலே இன்று தங்கவயலில் குன்று குன்றாக நிற்கின்றது; மொத்தம் சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன். உச்சி தட்டையாக இருப்பதன் காரணம், மேலே தள்ளுவண்டி ஓடிக் கொட்டியது. இயற்கைக் குன்றுக்கு இத்தகைய உச்சி அமைவது அரிது.

ஆலைக்கு நீர் மிகுதியாக வேண்டும். வறண்ட நிலத்தில் அதற்காகக் குட்டைகள் அமைத்து, சுரங்கத்திலிருந்து இறைத்த நீரையும் ஆலையிலிருந்து வழிந்த நீரையும் தேக்கி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். நம் படத்தில் துறைமுகமாகத் தோன்றுவது இத்தகைய தேக்கமே. பாறைப்பொடி கலந்த அந்த நீருக்குக் கடல்நீலம் எங்ஙனம் பொருந்தும்? அரிசி கழுவிய தண்ணீரின் நிறமே அதற்குப் பொருத்தம்.

தரைக்கும் கூரைக்கும் நிறம் கொடுக்க வருகையில், கண்ணைவிட வேதியியலை நம்ப வேண்டியிருக்கின்றது. அக்காலத்துப் புகைப்படக் கண்ணாடித் தகடுகள் நாம் காண்பதுபோல உலகைக் காணவில்லை. நீல ஒளி அவற்றை விரைவில் தாக்கும். சிவப்பு ஒளி அநேகமாகத் தாக்காது. 1873இல் ஜெர்மானியரான ஃபோகல் சாயங்களைச் சேர்த்துப் பச்சையையும் மஞ்சளையும் உணரச் செய்தார். சிவப்பையும் உணரும் தகடுகள் 1906 அளவில்தான் கடைக்கு வந்தன. பரவலாவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஆகையால் பழைய படத்தில் நீலவானம் வெள்ளைத்தாளாக நிற்கும். செம்மண் கரியாகத் தெரியும். தங்கவயலின் மண் செம்மண். படத்தில் கருத்துக் கிடக்கும் தரையை ஈரச் சேறு என்று யந்திரம் கருதியது இதனால்தான். அதுபோலவே கூரைகளுள் சில கருமை, சில வெண்மை. கருமையானவை பெரும்பாலும் சீமை ஓடு. மங்களூரில் பாசல் மிஷனார் 1865இல் தொடங்கிய தொழிலால் தென்னாடெங்கும் பரவிய சிவப்பு ஓடு. வெண்மையானவை துத்தநாகத் தகடு. கருத்த கூரைகளுக்குச் செங்காவியும் தரைக்குச் செம்பழுப்பும் தீட்டியவுடன், படம் ஏரிக்கரை வேடத்தைக் களைந்துவிடுகின்றது. கோலார்ப் புழுதியின் வெம்மை அதில் வந்துவிடுகின்றது.

இதே விதியை அந்த இரு மனிதருக்கும் பொருத்திப் பார்ப்போம். ஆடவரின் தலைப்பாகை கறுப்பாகத் தெரிகின்றது. யந்திரமும் கறுப்பே தீட்டியது. ஆனால் தமிழ் உழைப்பாளி கறுந்துணியைத் தலையில் சுற்றுவது அரிது. சிவப்புத் துணியே இப்படத்தில் அவ்வாறு கறுத்திருத்தல் கூடும். பெண்ணின் புடவையோ வெளிறித் தெரிகின்றது. நீலம் அக்காலத் தகட்டில் வெளிறும் என்பதை நாம் முன்னரே கண்டோம். ஆகவே அவள் உடுத்தியது நீலப்புடவையாகவே இருந்திருக்கலாம். இதனை அறியாத யந்திரம் வெள்ளை தீட்டிற்று. தமிழ்க் கண்ணுக்கு அதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒரு குடும்பத்தின் பாட்டியை, கணவன் அருகிலேயே நிற்கும்போது, அது கைம்பெண் ஆக்கிவிட்டது.

இவர்களின் பெயர்களை அறிய வழியில்லை. கம்பெனிகள் எடுத்த படங்களில் பொறியாளர்களின் பெயர்கள் வரிசைமுறையாகக் கீழே அச்சாகியிருக்கும்; கூலிக்காரர்களுக்கு “சுரங்க ஆட்கள்” என்னும் ஒரு சொல் போதுமானதாயிருந்தது. கார்ன்வால் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரும் இத்தாலியரும் அங்கே இருந்தனர். காவலுக்குப் பஞ்சாபியர் வந்தனர். ஆழத்தில் இறங்கி உழைத்தோரில் பெரும்பாலோர் வடஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் வந்த தமிழரும் தெலுங்கருமான ஆதிதிராவிட மக்கள். பெண்கள் மேற்பரப்பு வேலைகளில் உழைத்தனர். மூங்கில் தட்டி வீடுகள் வரிசை வரிசையாக அமைந்த லயன்களில் குடியிருந்தனர். கீழே பாறை திடீரென வெடித்துச் சிதறும் அபாயம். மேலே வந்தால் நுரையீரலில் படிந்த கல்தூசியின் இருமல்.

கம்பெனி பெயர் எழுதாவிடினும், அம்மக்கள் தாமே எழுதினர் என்பதை இங்கே மறத்தல் ஆகாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயல் மிக முக்கியமான வாசகர் ஊராக விளங்கிற்று. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கக் கிளை வேரூன்றியது. பண்டிதர் 1914இல் மறைந்தபின், 1926 முதல் அவ்விதழ் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. 1930இல் தொழிலாளரிடம் கைரேகை பதிக்கும் முறையை நிர்வாகம் புகுத்தியபோது, அவர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். குற்றவாளிகளைப்போல நடத்தப்படுவதாக அவர்கள் கொண்ட மனக்கசப்பு, வாழும் வழியைப் பணயம் வைக்கும் அளவுக்கு ஆழமானதாயிருந்தது. நீரோரத்தில் நிற்கும் அந்த ஆடவர் அந்நாள்வரை இருந்திருந்தால், அவர் விரலையும் கேட்டிருப்பார்கள்.

அந்தப் பெண்ணின் குடத்தில் என்ன நீர் என்பதும் ஒரு கேள்வி. ஆலைத் தேக்கத்து நீர் குடிக்க உதவாது. தங்கவயலுக்குக் குடிநீர், சில மைல் தொலைவில் பாலாற்றைத் தேக்கி அமைத்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வடிகட்டிக் குழாய் வழியே வரலாயிற்று. பாலாறு நந்திமலைப் பக்கத்தில் பிறந்து, கோலார் மாவட்டத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்று கடலில் கலப்பது. ஊரைவிட்டு வந்தவர்கள், தங்கள் ஊரைத் தொட்டுச் செல்லும் ஆற்றின் மேற்புறத்து நீரைத் தங்கவயல் குழாயடியில் பிடித்துக் குடித்தனர்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின; 1962இல் மத்திய அரசிடம் சென்றன; 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. சாம்பியன் ரீப் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசையும் கடந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. கோபுரச் சட்டங்கள் துருவேறி நிற்கின்றன. மணல் மேடுகளை மட்டும் திரைப்படக்காரர்கள் தேடி வருகின்றனர். அவற்றின் வெறுமை அவர்களுக்கு அழகாகப் படுகின்றது போலும்.

தங்கவயலில் வேலையற்றுப்போன குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது நாள்தோறும் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர், இரவில் திரும்புகின்றனர். 1894இல் போட்ட அதே வழிதான். மேட்டுக்கு எந்த நிறம் தீட்டுவது என்று நாம் ஐயுறும்போது, அவர்களிடம் கேட்பதே முறை. வெயில் காலத்தில் கண் கூசும் வெண்மை என்பார்கள். காற்றடிக்கும் மாதங்களில் ஜன்னலை மூடிவிடுவதால் நிறமே தெரியாது என்பார்கள். மழை பெய்த மறுநாள் காலையில், சாம்பலில் சற்று மஞ்சள் கரைத்தாற்போல் இருக்கும் என்பார்கள்.